நீலகிரியின் அரிவாள் செல்லும் டாப்னே தீவின் குருவியும்: மரபணுக் குளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிணாமம் நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஏறக்குறைய இதே கேள்விகள் வருகின்றன. சிலவற்றைப் பெற்றோரும் கேட்கிறார்கள், அவை பெரும்பாலும் கல்யாணப் பேச்சோடு சேர்ந்து வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கூடியவரை அரிவாள் செல் சோகை என்ற ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அது நீலகிரி மலையடிவாரத்தில் இன்றும் இருக்கும் நோய்.

மரபணுக் குளம் என்றால் என்ன?

ஓர் இடத்தில் வாழ்ந்து தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யும் ஒரே இன உயிர்களின் கூட்டத்தை இனக்கூட்டம் என்கிறோம். அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருடைய மரபணுக்களையும் ஒரே குளத்தில் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மரபணுக் குளம். அடுத்த தலைமுறையின் ஒவ்வொரு குழந்தையும் அந்தக் குளத்திலிருந்து அம்மா வழியாக ஒரு கை, அப்பா வழியாக ஒரு கை அள்ளிக்கொண்டு பிறக்கிறது.

ஒரே மரபணுவுக்குச் சற்றே வேறுபட்ட வடிவங்கள் இருக்கலாம். அவற்றுக்கு அல்லீல் என்று பெயர். ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். சிலருடைய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் அங்கே வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதுதான் அரிவாள் அல்லீல்.

ஓர் ஊரில் 1,000 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டு பிரதி, ஆக 2,000 பிரதிகள். அவற்றில் 200 அரிவாள் வடிவம் என்றால் அதன் நிகழ்வெண் 0.1. இந்த எண் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைத்தான் இனக்கூட்ட மரபியலில் பரிணாமம் என்கிறார்கள். புதிய விலங்கு தோன்ற வேண்டும், கொம்பு முளைக்க வேண்டும் என்றெல்லாம் அவசியமில்லை. 0.1 என்பது 0.09 ஆனாலே போதும்.

அரிவாள் அல்லீல் இருந்தால் உடம்பில் என்ன ஆகும்?

அது எத்தனை பிரதி என்பதைப் பொறுத்தது. இரண்டு பிரதியும் அரிவாள் வடிவமாக இருந்தால், ஆக்சிஜன் குறையும் இடங்களில் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிபோல நீண்டு, வட்டமான சிவப்பணுவை அரிவாள்போல வளைத்துவிடும். வளைந்த செல்கள் சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும். சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இந்தச் செல்கள் 10 முதல் 20 நாளில் அழிந்துவிடும். அதனால்தான் சோகை.

ஒரே ஒரு பிரதி இருப்பவர் 'கடத்தி'. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்வார். தான் கடத்தி என்பதே பலருக்குத் தெரியாது.

சூழலுக்கு ஏற்ப ஓர் உயிர் தன்னை மாற்றிக்கொள்வதுதானே பரிணாமம்?

இல்லை. வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். தனி உயிர் பிறக்கிறது, வளர்கிறது, சாகிறது. அதன் மரபணுக்கள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது கூட்டத்தின் கணக்கு.

இதைக் கண்ணால் பார்த்து அளந்தவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி. பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் டாப்னே மேஜர் என்ற சின்னஞ்சிறு தீவில் 1973 முதல் பல பத்தாண்டுகள், குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து, திரும்ப விட்டார்கள். 1977-ல் அங்கே கடும் வறட்சி. மென்மையான சின்ன விதைகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. மிஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். அவற்றில் முக்கியமானது நம்மூர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள்காய். நெருஞ்சியை மிதித்தவர்களுக்கு அந்தக் காய் எவ்வளவு கெட்டி என்று தெரியும். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். சுமார் 1,200 ஆக இருந்த நடுத்தரத் தரைக்குருவிகளின் எண்ணிக்கை 180 அளவுக்குச் சரிந்தது. பிழைத்தவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே தடித்த அலகோடு பிறந்திருந்தவை. அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு வரும் குணம் என்பதால், அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளின் சராசரி அலகும் தடித்திருந்தது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் அளவுதான்.

வறட்சியில் எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை. மெல்லிய அலகுக் குருவிகள் செத்தன, அவ்வளவுதான் நடந்தது. அப்புறம் 1983-ல் எல் நினோ வந்து மழை கொட்டியது. சின்ன விதைகள் பெருகின. இப்போது சிறிய அலகுக்காரர்கள் மேலோங்க, சராசரி திரும்பவும் கீழே வந்தது. பரிணாமம் என்றாலே 'மேலே மேலே போவது' என்று நினைப்பவர்களுக்கு இந்த ஏற்றஇறக்கத்தைத்தான் காட்டுவேன். முன்னேற்றம் என்று ஒரு திசை அதில் கிடையாது.

ஹார்டி-வீன்பெர்க் சமநிலை எதற்கு? எதுவுமே மாறாத கூட்டம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. எதுவும் தள்ளாவிட்டால் அல்லீல்களின் நிகழ்வெண் தலைமுறைதோறும் அப்படியே இருக்கும் என்பதுதான் அந்தச் சமநிலை. ஆனாலும் அது தேவை. வீட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கிறாரே, அதுபோல.

கதை கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது. மெண்டலின் விதிகள் புதிதாகப் பேசப்பட்ட காலம். ஓங்கு பண்பு (அல்லீல் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் பண்பு) என்றால் அது காலப்போக்கில் பரவி, முக்கால்வாசிப் பேருக்கு வந்துவிட வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. மரபியலாளர் பன்னெட் அதைத் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித நண்பர் ஹார்டியிடம் கொண்டுபோனார். பின்னாளில் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஜி. எச். ஹார்டிதான். அவருக்கு இது சாதாரணப் பெருக்கல் கணக்கு. 1908-ல் ஒரு சிறு கடிதமாக எழுதி அனுப்பினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் வீன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

கணக்கு இதுதான். அரிவாள் அல்லீல் 0.1, சாதாரண அல்லீல் 0.9. யார் யாரோடு சேர்வது என்பதில் இந்த மரபணுவுக்குப் பங்கில்லை என்று கொள்வோம். இரண்டும் சாதாரணமாக அமைய 0.9 × 0.9, அதாவது 81 சதவீதம். இரண்டும் அரிவாளாக அமைய 0.1 × 0.1, அதாவது 1 சதவீதம். ஒன்றுக்கு ஒன்று கலந்த கடத்திகள் 2 × 0.9 × 0.1, அதாவது 18 சதவீதம். இந்தப் பிள்ளைகளின் பிரதிகளைத் திரும்ப எண்ணினால் மறுபடியும் 0.9, 0.1 தான் வரும். ஓங்கு பண்பு என்பதற்காக எதுவும் தானாகப் பரவாது, ஒடுங்கு பண்பு (இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும் பண்பு) என்பதற்காக எதுவும் தானாகத் தேயாது.

எண் மாறியிருந்தால் ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். சடுதிமாற்றம் (மரபணுவில் நேரும் பிழை), குருவிகளிடம் பார்த்த இயற்கைத் தேர்வு, மரபணு நகர்வு (தற்செயல்), மரபணு ஓட்டம் (வேறு கூட்டத்திலிருந்து வரும் வரவு) ஆகிய நான்கில் எது தள்ளியது என்று தேட வேண்டும்.

கொல்லும் நோய் என்றால் இயற்கைத் தேர்வு அரிவாள் அல்லீலை எப்போதோ ஒழித்திருக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. மருத்துவ உலகை நெடுநாள் குழப்பிய கேள்வியும்கூட. சிகிச்சை இல்லாத காலத்தில் இரண்டு பிரதி கொண்ட குழந்தைகள் பெரும்பாலும் சிறுவயதிலேயே இறந்தன. தலைமுறைதோறும் இப்படி அல்லீல் வெளியேறியும், ஆப்பிரிக்காவில் சில பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கடத்தியாக இருந்தார்கள்.

தலசீமியா ரத்தசோகைக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1949-ல் பிரிட்டிஷ் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் சொன்னார். இவர் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தவர். அரிவாள் செல் விஷயத்தில் அதை நிறுவிக்காட்டியவர் ஆந்தனி அலிசன். கிழக்கு ஆப்பிரிக்காவில் மலேரியா அதிகமுள்ள தாழ்நிலங்களில் கடத்திகள் அதிகம், மேட்டுநிலங்களில் குறைவு என்று பார்த்து, 1954-ல் ஆய்வை வெளியிட்டார். கடத்தியின் உடம்பில் மலேரியா ஒட்டுண்ணியால் சரியாகப் பெருக முடிவதில்லை. அது புகுந்த செல்களை மண்ணீரல் சீக்கிரமே வடிகட்டி அழிப்பது ஒரு காரணம். அதனால் உயிரைப் பறிக்கும் கடும் மலேரியாவிலிருந்து கடத்திகளுக்குப் பெரிய பாதுகாப்பு கிடைக்கிறது.

ஆக, மலேரியா ஊரில் இரண்டு பக்கமும் சாவு. அரிவாள் அல்லீலே இல்லாதவரை மலேரியா கொல்கிறது. இரண்டு இருப்பவரைச் சோகை கொல்கிறது. ஒன்று இருப்பவர் தப்புகிறார். எண் நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடும். 0.1-ல் நிற்க வேண்டும் என்றால் மலேரியா எவ்வளவு கொன்றிருக்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போடலாம். இரண்டு பிரதிக்காரர்கள் எல்லோரும் பிள்ளை பெறும் முன்பே இறந்துவிடுகிறார்கள் என்று வைத்தால், 100 கடத்திகள் பிழைக்கும் இடத்தில் அல்லீல் இல்லாதவர்கள் சுமார் 89 பேர்தான் பிழைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை தலைமுறைத் தாய்மார்களின் துக்கம் இருக்கிறது என்று யோசிக்காமல் என்னால் இந்தக் கணக்கைப் பலகையில் எழுத முடிந்ததில்லை.

நீலகிரிக்கு இந்த அல்லீல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா?

இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில்தான். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் அங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து அறிவித்தார்கள். அதுவரை இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பெரும்பாலும் நம்பப்பட்டது. இருளர், குறும்பர், பணியர் போன்ற மக்களிடமும், மத்திய இந்தியப் பழங்குடியினர் பலரிடமும் இது இருப்பது அதன்பின் தெரியவந்தது. நீலகிரி, வயநாட்டு அடிவாரக் காடுகள் முன்பு மலேரியாவுக்குப் பேர்போன இடங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. அமைப்பைப் பார்த்தால், இந்தியாவிலும் கிழக்கு சவூதி அரேபியாவிலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆப்பிரிக்க மாதிரிகள் வேறு. அதனால் இங்குள்ளது தனியாகத் தோன்றிய சடுதிமாற்றம் என்று பலர் கருதுகிறார்கள். எல்லாம் ஒரே தோற்றம்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. நம் பக்கத்து வடிவத்தோடு, அரிவாள் மாற்றம் தொடாத சிசுப் பருவ ஹீமோகுளோபின் பெரியவர்களிடமும் ஓரளவு தங்கிவிடுவதால், நோய் பல சமயம் சற்று மிதமாக இருக்கிறது.

சடுதிமாற்றம் தேவையை உணர்ந்து வருகிறதா?

வருவதில்லை. மலேரியா இருக்கிறதே என்று எந்த டி.என்.ஏ.வும் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. நகலெடுக்கும்போது நேரும் பிழைதான் அது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத சில பத்துப் புதிய மாற்றங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எண்ணிக்கையை வேகமாக மாற்றும் சக்தி சடுதிமாற்றத்துக்கு இல்லை. ஆனால் புதுச் சரக்கு வரும் ஒரே வாசல் அதுதான்.

எல்லா மாற்றத்துக்கும் இயற்கைத் தேர்வுதான் காரணமா?

இல்லை, வெறும் தற்செயலும் பெரிய காரணம். இதற்கு மரபணு நகர்வு என்று பெயர். ஒரு காசை 1,000 முறை சுண்டினால் பாதிக்குப் பாதி தலை விழும். பத்து முறை சுண்டினால் ஏழு தலை விழுந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கூட்டம் சின்னதாக இருந்தால் மரபணுக்களுக்கும் அதே கதிதான்.

1956-ல் பீட்டர் பூரி வெளியிட்ட பழ ஈ சோதனையை மிஞ்சிய உதாரணம் இதற்கு இல்லை. 107 தனித்தனிக் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். கண்ணின் நிறம் தொடர்பான இரண்டு அல்லீல்கள் சரிபாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் கண்மூடித்தனமாக 16 ஈக்களை எடுத்து அடுத்த தலைமுறையை வளர்த்தார். 19 தலைமுறை முடிந்தபோது 30 கூட்டங்களில் ஓர் அல்லீல் முற்றிலும் காணாமல் போயிருந்தது. 28 கூட்டங்களில் அது மட்டுமே இருந்தது. எல்லாக் கூட்டங்களும் ஒரே இடத்தில் தொடங்கியவை. எந்த அல்லீலும் சிறந்ததாக இருந்ததால் வெல்லவில்லை.

மனிதர்களிடமும் இது நடந்திருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் மைக்ரோனேசியாவின் பிங்கலாப் பவளத்தீவை 1775 வாக்கில் புயல் அழித்தது. புயலுக்கும் அதன் பின் வந்த பஞ்சத்துக்கும் தப்பியவர்கள் ஏறத்தாழ 20 பேர். அவர்களில் ஒருவரிடம் நிறமே தெரியாமல் செய்யும் ஓர் அல்லீல் ஒடுங்கியிருந்தது. மற்ற இடங்களில் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் அந்தக் குறை, இன்று பிங்கலாப் வம்சாவளியில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இருக்கிறது. உலகைக் கறுப்பு வெள்ளையாகத்தான் பார்ப்பார்கள். பகல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அந்த அல்லீலுக்கு எந்த நன்மையும் தெரியவில்லை. அதைச் சுமந்தவர் புயலில் சாகவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் திரும்பப் பெருகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

தலைக்கணக்கு சரியாகும், குளம் சரியாகாது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் யானைச் சீல்களைக் கொழுப்பெண்ணெய்க்காக வேட்டையாடி, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் நூறு வரைகூட இல்லாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் 1974-ல் வெளியான ஆய்வில், சோதித்த 24 மரபணு இடங்களில் ஒன்றில்கூட வேறுபாடு கிடைக்கவில்லை. புதிய நோய் ஒன்று வந்தால் யாராவது தாங்குவார்கள் என்று நம்புவதற்கு அந்த வேறுபாடுகள்தான் கையிருப்பு.

சில சமயம் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கலாம். புளோரிடாவின் பூமாக்கள் 1990-களின் தொடக்கத்தில் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்து, மடங்கிய வால், இதயக் கோளாறு, மலட்டுத்தன்மை என்று தவித்தன. 1995-ல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். குறைகள் தணிந்து, எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. மரபணு ஓட்டம் என்று பாடத்தில் ஒரு வரியில் படிப்பது இதைத்தான்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் மரபணுக் குளம் கெட்டுவிடுமா?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டுவதால் குளத்தில் எந்த அல்லீலின் எண்ணும் மாறாது. மாறுவது அவை ஜோடி சேரும் விதம். மறைந்திருக்கும் ஒரே அல்லீல் ஒரே தாத்தாவிடமிருந்து இரண்டு வழியாகவும் வந்து குழந்தையில் சந்தித்துவிடுகிறது.

கெடுதலான ஓர் ஒடுங்கு அல்லீலின் நிகழ்வெண் 0.01 என்று வைப்போம். உறவில்லாதவர்கள் மணந்தால் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் முறையில் மணந்தால் 10,000-க்கு 7. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் 10,000-க்கு 13. இது ஒரே ஒரு நோய்க்கான கணக்கு. இப்படிப் பல ஒடுங்கு நோய்கள் இருக்கின்றன. யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஏற்கெனவே சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு மரபு நோய் இருந்தும், சொத்து வெளியே போகக் கூடாது என்று மறுபடியும் அதே குடும்பத்தில் முடிச்சுப் போடுவதைப் பார்க்கும்போது மனது ஆறவில்லை.

தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணப்பதும் ஒரு சின்னத் தீவை உண்டாக்குவதுபோலத்தான். அறுவை சிகிச்சைக்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருப்பது, தென்னிந்தியாவின் ஆரிய வைசிய சமூகத்தில் மற்றவர்களைவிட மிக அதிகம். அவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் தசைகள் மீள நெடுநேரம் ஆகும். மயக்க மருந்து மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருந்தால் வேறு மருந்தைப் பயன்படுத்துவார். உறவினர் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நோயுள்ளவர்கள் பிள்ளை பெறாமல் தடுத்தால் கெட்ட மரபணு ஒழிந்துவிடும் அல்லவா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் வெள்ளந்தியாகக் கேட்கிறார்கள். ஆனால் 20-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் நாஜி ஜெர்மனியிலும் இதே எண்ணத்தில் லட்சக்கணக்கானோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். அது அநீதி என்பது முதல் பதில்.

இரண்டாவது, கணக்கே அதற்கு எதிரானது. நிகழ்வெண் 0.01 என்றால் 10,000 பேரில் நோயாளி ஒருவர், கடத்திகள் 198 பேர். அல்லீலின் 99 சதவீதம் ஆரோக்கியமானவர்களிடம் ஒளிந்திருக்கிறது. நோயாளிகளில் ஒருவர்கூடப் பிள்ளை பெறாவிட்டாலும் 0.01 என்பது 0.005 ஆகக் குறைய 100 தலைமுறை வேண்டும், அதாவது சுமார் 2,500 ஆண்டுகள். தவிர, 'கெட்ட' என்று எந்த ஊரில் நின்று சொல்கிறோம்? மலேரியாக் காட்டில் அரிவாள் அல்லீல் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

கடத்தி என்று தெரிந்த பெண்ணுக்கு வரன் தட்டிப்போவதும் இதே தவறான எண்ணத்தின் நீட்சிதான். கடத்தி நோயாளி அல்ல. இருவருமே கடத்தியாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கான வாய்ப்பு உண்டு. ஆணுக்கும் சேர்த்துச் சோதனை செய்யுங்கள்.

மலேரியா குறைந்துவிட்டது. இனி அரிவாள் அல்லீல் தானாக மறையுமா?

குறையும், மெதுவாக. மலேரியா முழுவதும் போய், இரண்டு பிரதிக்காரர்கள் யாருமே பிள்ளை பெறவில்லை என்ற கடுமையான நிலையிலும், 0.1 என்பது 0.05 ஆகப் பத்துத் தலைமுறை ஆகும். அப்படிப்பட்ட நிலை வர வேண்டும் என்று யாரும் விரும்பப்போவதில்லை. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலியைக் குறைத்து ஆயுளை நீட்டுகிறது. நோயாளிகள் வளர்கிறார்கள், மணக்கிறார்கள், பெற்றோராகிறார்கள். மருத்துவம் நன்றாக இருக்கும் இடத்தில் அல்லீல் இன்னும் மெதுவாகத்தான் குறையும். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

2047-க்குள் அரிவாள் செல் சோகையை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை இந்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. அது சோதனை, ஆலோசனை, சிகிச்சை வழியாக நோயைக் குறைக்கும் முயற்சி. அல்லீல் அதற்குப் பின்னும் இருக்கும்.

மரபணுத் திருத்தச் சிகிச்சை வந்துவிட்டதே, அது மரபணுக் குளத்தை மாற்றாதா?

2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கிரிஸ்பர் சிகிச்சையைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் மூலச் செல்களை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துகிறார்கள். அதில் அரிவாள் அல்லீலைத் தொடுவதுகூட இல்லை. சிசுப் பருவ ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் வேறொரு மரபணுவின் சுவிட்சைக் கெடுத்து, அந்தப் பழைய ஹீமோகுளோபினைத் திரும்ப ஓடவிடுகிறார்கள். விந்தணுவிலும் கருமுட்டையிலும் எந்த மாற்றமும் கிடையாது. சிகிச்சை முடிந்து வலி நின்ற ஒருவர் பின்னால் தாயானாலும், அவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அரிவாள் பிரதி போய்ச் சேரும். அந்தக் குழந்தைகள் குறைந்தபட்சம் கடத்திகளாக இருப்பார்கள். துணைவரும் கடத்தியா என்ற சோதனை அவருக்கு அப்போதும் தேவைப்படும்.